மூன்றாவது மாடியில் குட்வில்

ஸ்டிக்கர் செய்தது பெரிய குற்றமொன்றும் இல்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

லிஃப்ட் விற்றுப் பராமரிக்கும் அந்தப் பெரிய கம்பெனியில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஒட்டுறது" என்பார். நாற்காலி, மேசை, மின்விசிறி, எதுவாக இருந்தாலும் அதன் முதுகிலோ வயிற்றிலோ ஓர் எண்ணை ஒட்டிவிட வேண்டும். ஆண்டு முடிவில் ஒவ்வொன்றையும் தேடிப் போய்ப் பார்த்து, எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று டேப்லட்டில் தட்ட வேண்டும். ஒட்டி ஒட்டியே சொந்தப் பெயர் உதிர்ந்துபோய் ஸ்டிக்கர் என்றே நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்றைக்கு எல்லாவற்றையும் ஒட்டியாகிவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. திரையில் 'குட்வில்' என்று இருந்தது. எண்ணிக்கை ஒன்று. இடம், நிலை இரண்டும் காலி. இரண்டையும் நிரப்பாமல் டேப்லட் அவரை வீட்டுக்கு விடுவதாக இல்லை. குட்வில் என்பது அலமாரியா, இயந்திரமா, வெளிநாட்டிலிருந்து வந்த விளக்குமாறா? கேட்கலாமென்றால் மாடியில் ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாவது மாடித் தாழ்வாரத்தின் கோடியில் எப்போதும் சாத்தியே கிடக்கும் அறை ஒன்று உண்டு. அதன் கதவில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். 'இடம்: மூன்றாவது மாடி, கடைசி அறை. நிலை: நன்று' என்று தட்டினார். பேருந்து கிடைத்தது. ஜன்னலோர இருக்கைகூடக் கிடைத்தது.

அந்த ஜன்னலோர இருக்கைக்குத்தான் அவர் பிறகு அவ்வளவு விலை கொடுத்தார்.

மறுவாரம் தலைமைக் கணக்கர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். தலைமைக் கணக்கர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று எழுந்து நின்று கை கொடுத்தார்.

"இந்தக் கம்பெனியிலயே பெரிய சொத்து எது தெரியுமா? இந்தக் கட்டடம் இல்ல. மெஷின் இல்ல. குட்வில்தான். அது இத்தனை நாளா ஒரு பூட்டுகூட இல்லாம மூணாவது மாடியில கெடந்திருக்கு. நீங்க மட்டும் பாக்கலைன்னா?"

ஸ்டிக்கர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. குட்வில்னா என்ன சார்?"

"போன வருஷம் ஒரு சின்ன லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியை வாங்கினோம் இல்லையா? அவங்க மேசை, நாற்காலி, ஸ்பானர் எல்லாத்துக்கும் விலை போட்டா ஒரு தொகை வந்துச்சு. நாம குடுத்தது அதுக்கு ரொம்ப மேல. அந்த மேலதான் குட்வில்."

"எதுக்கு சார் மேல குடுத்தோம்?"

"குட்வில் இருந்துச்சே."

"அந்தக் குட்வில்னா?"

"அதான் சொன்னேனே. மேல குடுத்தது."

ஸ்டிக்கர் ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். "கண்ணுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"தொட்டுப் பாக்கலாமா?"

"முடியாது. ஆனா தேயும். வருஷா வருஷம் தேஞ்சிருக்கான்னு சோதிக்கணும்."

"கண்ணுக்குத் தெரியாது, கைக்குச் சிக்காது, ஆனா உள்ள இருக்கு. எங்க வீட்டுல இதுக்கு வேற பேரு சார்."

"பேய்னு சொல்ல வர்றீங்க."

"நான் சொல்லல சார்."

"பேய்க்கெல்லாம் பேலன்ஸ் ஷீட்ல இடம் கிடையாது. ஆடிட்டர் ஒத்துக்க மாட்டாங்க." தலைமைக் கணக்கர் ஒரு காகிதத்தை நீட்டினார். அன்று முதல் ஸ்டிக்கர்தான் குட்வில் பொறுப்பாளர். தினமும் காலையில் அவர் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்து, 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காணாமல் போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்து முடிக்க இந்த ஒரு பிறவி போதாது என்பதால், பேரப்பிள்ளைகள் உண்டா என்றும் விசாரித்து வைத்துக்கொண்டார்.

அந்த அறைக்குப் பூட்டு வந்தது. காமிரா வந்தது. விலை உயர்ந்த சொத்து வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்று ஏசி வந்தது. அதுவும் பிணவறைக்குப் போடுவது மாதிரி ஒரு குளிர். வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். பெருக்குகிற அம்மாவை உள்ளே விடவில்லை, துடைத்தால் தேய்ந்துவிடுமாம். இன்சூரன்ஸ்காரர் வந்து, "என்ன நீளம், என்ன அகலம்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாததால் கதவை அளந்துகொண்டு போனார்.

முதல் நாள் காலை ஸ்டிக்கர் ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே போனார்.

அறையில் ஒன்றும் பெரிதாக இல்லை. விலைக்கு வாங்கிய சின்னக் கம்பெனியிலிருந்து வேனில் ஏற்றி வந்து இறக்கிப்போட்ட சாமான்கள்: ஒரு மேசை, ஒரு நாற்காலி, கறுப்பாக ஒரு பழைய டெலிபோன். அதன் பழைய நம்பரையே இங்கே இணைத்து விட்டிருந்தார்கள். நாற்காலியின் பஞ்சு மெத்தை நடுவில் குழிந்திருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒரு குழி. ஸ்டிக்கர் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், ஓரங்களைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். குழி நிரவுவதாக இல்லை. உட்கார்ந்த ஆள் போய்விட்டார், உட்கார்ந்தது போகவில்லை.

'நன்று' என்று எழுதப் பேனாவை எடுத்தார். டெலிபோன் அடித்தது.

வெளியே காவலாளி கத்தினான். "கூப்புடுது சார்! நான் உள்ள வரமாட்டேன், சொல்லிட்டேன்!"

ஸ்டிக்கருக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் பொறுப்பாளர் ஓடினால் பேரப்பிள்ளைகள்வரை பிடித்துக்கொள்வார்களே. ரிசீவரை எடுத்தார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூடின பெட்டிக்குள்ளிருந்து வருகிற மூச்சு. பிறகு ஒரு பெண் குரல்.

"அண்ணே?"

ஸ்டிக்கர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான்தான், ஆறாவது மாடி. மறுபடியும் மாட்டிக்கிட்டேன். லைட்டும் போயிடுச்சு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் பிடிபட்டது. அந்தம்மா ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறவர். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் டெலிபோனிலிருந்து பேசுகிறார். சின்னக் கம்பெனியில் அந்தக் குழிந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்தது ஒரே வேலை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் மெக்கானிக்கை அனுப்புவார். அனுப்பிவிட்டு ரிசீவரை வைக்க மாட்டார். கதவு திறக்கும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டே இருப்பார். ஊரே அவரை அண்ணன் என்றது.

"அண்ணன் இல்லியா?" என்றார் அந்தம்மா.

"வெளிய... வெளிய போயிருக்கார்மா."

"சரி, நீ பேசு. சும்மா இருக்காதே. இருட்டுல ஒரு மாதிரியா இருக்கு."

"என்ன பேசட்டும்மா?"

"அண்ணன் முதல்ல சுவத்துல சாஞ்சு கீழ உக்காரச் சொல்லுவார். கதவைத் தொடாதேன்னுவார். அப்புறம் இன்னிக்கு என்ன சமையல்னு கேப்பார்."

"சுவத்துல சாஞ்சு கீழ உக்காருங்கம்மா. கதவைத் தொடாதீங்க. இன்னிக்கு என்ன சமையல்?"

'இதோ வந்துட்டேம்மா' என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு மெக்கானிக் பகுதிக்கு ஓடிப்போய்ச் சொன்னார். "ஆப்ல புகார் போட்டாங்களா? நம்பர் வந்துச்சா?" என்று கேட்டார்கள். லிஃப்டுக்குள் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது என்பது ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு இதுவரை தோன்றவில்லை. கம்பெனியின் புதிய எண்ணைப் பெரிய எழுத்தில் லிஃப்டுக்குள் ஒட்டித்தான் இருந்தார்கள். அதற்குக் கூப்பிட்டால் ஒரு வயலின் வாசிக்கும். வாசித்துக்கொண்டே இருக்கும். நல்லவேளையாக ஸ்பானர் என்று பட்டப்பெயருள்ள மெக்கானிக் ஒருவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். "நம்பர் கெடக்கட்டும், அட்ரஸைச் சொல்லுண்ணே" என்று வண்டியை எடுத்தான்.

அன்றிலிருந்து ஸ்டிக்கருக்கு அதுவே வேலையாகிவிட்டது. பார்க்கப் போனவர் உட்கார ஆரம்பித்தார். டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரல்கள். எல்லாரும் எடுத்த எடுப்பில் "அண்ணே" என்றார்கள். எல்லாரும் அண்ணன் எப்படிப் பேசுவார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒருத்தருக்குப் பாட்டு ஹம் பண்ண வேண்டும், இன்னொருத்தரைத் திட்ட வேண்டும். ஒரு பல் டாக்டருக்கு மட்டும் ஒன்றும் பேசக் கூடாது, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் போதும். யாரோ ஒரு ஆளின் வாயை இவருக்குத் துண்டு துண்டாக ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் ரிசீவரை எடுத்து, "சொல்லும்மா, பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்றார். சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி காப்பி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"தூக்கத்துல யாரை அது 'சாஞ்சு உக்காரு, தொடாதே'ங்கறது?"

"ஆபீஸ் விஷயம்."

"எந்த ஆபீஸ்ல இப்படிச் சொல்றாங்க?"

"குட்வில் டிபார்ட்மெண்ட்ல."

"அவ யாரு?"

விளக்கிச் சொன்னார். மனைவி காப்பியை ஆற்றி அவர் பக்கம் தள்ளினாள். "அந்த ஆளு எங்க போனாரு, இருக்காரா இல்லியான்னு முதல்ல விசாரிங்க. நாலு பேர் ஒருத்தரை நெனச்சு உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா உங்களுக்கு நல்லதில்ல."

ஸ்டிக்கர் பணியாளர் அதிகாரியிடம் விசாரித்தார். அவர் கணினியைப் பார்த்துப் புன்னகைத்தார். "அவர் விடுவிக்கப்பட்டிருக்கார்."

"இப்ப எங்க சார் இருக்கார்?"

"வெளியில."

"நல்லா இருக்காரா?"

"விடுவிக்கப்பட்டவங்களோட நிலையை நாங்க பதிவு பண்றதில்ல. உங்க நாற்காலி மாதிரி ஸ்டிக்கரா ஒட்டி விடறோம்?"

ஆக, வெளியே போயிருக்கிறார் என்று தான் சொன்னது பொய்யில்லை. ஸ்டிக்கருக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடந்தது.

மூடிய அறையில் சத்தம் கேட்கிறது என்ற செய்தி எம்.டி.யின் காதுக்கும் போயிற்று. அவர் நேரில் வந்து கதவில் காதை வைத்தார். உள்ளே டெலிபோன் அடித்தது. பிறகு முணுமுணுவென்று ஒரு பேச்சு. எம்.டி.க்குப் புல்லரித்துவிட்டது.

"கேட்டீங்களா? உயிரோட இருக்கு!"

அன்று மாலையே எல்லாரையும் கூடத்தில் கூட்டி உரையாற்றினார். "அந்தச் சின்னக் கம்பெனியை வாங்கும்போது எல்லாரும் கேட்டாங்க, அங்க என்ன இருக்குன்னு. பழைய மேசை, பழைய ஆளுங்க. நான் சொன்னேன், கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு, அதை வாங்கறேன்னு. வாங்கினதும் முதல் காரியமா என்ன பண்ணினேன்? ஆளுங்களை அனுப்பினேன். ஏன்னா, நண்பர்களே, ஆள்ங்கறது செலவு. குட்வில்ங்கறது சொத்து. செலவை வெட்டினோம், சொத்தை வெச்சுக்கிட்டோம். இதுக்குப் பேருதான் நிர்வாகம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஸ்டிக்கரும் தட்டினார். பக்கத்தில் இருந்த எல்லாரும் தட்டும்போது கை சும்மா இருக்காது. தட்டிவிட்டு, கையைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கதவைக் காட்டினார்கள். மூன்றாவது மாடியில் எல்லாரும் நுனிக்காலில் நடந்தார்கள். தலைமைக் கணக்கர் மட்டும் கவலையோடு கணக்குப் போட்டார். கணக்கின் முடிவு பயங்கரமாக இருந்தது: ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் குட்வில் கொஞ்சம் தேய்கிறது. இப்படியே அடித்தால் தணிக்கை வருவதற்குள் பாதிகூட மிஞ்சாது. எனவே, குட்வில்லைக் காப்பாற்ற, தணிக்கை நாளன்று காலையில் டெலிபோன் வயரை வெட்டிவிடுவது என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஸ்டிக்கர் தலைமைக் கணக்கரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடாமல் போய் நின்றார்.

"சார், வயரை வெட்டினா அவங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

"எவங்க?"

"உள்ள மாட்டிக்கிட்டவங்க சார். ஆறாவது மாடியில ஒரு அம்மா. வாரத்துக்கு ரெண்டு தடவை மாட்டிக்குவாங்க. இருட்டுனா அவங்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு நாள் நான் எடுக்கக் கொஞ்சம் தாமதமாச்சு. எடுத்தா, அவங்களுக்குப் பல்லு கிட்டி வார்த்தையே வரல சார்."

"அது சர்வீஸ். நான் பேசறது குட்வில். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அந்த ரூம்ல உக்காந்து நீங்க பேசிட்டிருக்கறதா எழுத்துல எதுவும் இல்லையே?"

"இல்ல சார்."

"அப்ப பேசலேன்னு அர்த்தம்."

தணிக்கை நாள் விடிந்தது. அந்த அறைக்கு முன்னால் எம்.டி., தலைமைக் கணக்கர், காவலாளி எல்லாரும் காலுறையோடு வரிசையாக நின்றார்கள். ஆடிட்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. தோளில் சாப்பாட்டுப் பை தொங்க, படியேறி வந்த களைப்போடு வந்தார். கட்டடத்தின் லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. உள்ளே வயர்மேன் கட்டிங் பிளையரோடு, எம்.டி. கண்ணைக் காட்டியதும் வெட்டத் தயாராக இருந்தான்.

கதவைத் திறந்தார்கள். ஆடிட்டர் மேசையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "குட்வில் எங்க?"

"உங்களைச் சுத்தி" என்றார் எம்.டி. குரலைத் தாழ்த்தி. "நல்லா மூச்சை இழுத்துப் பாருங்க."

ஆடிட்டர் இழுத்துப் பார்த்தார். தும்மினார். "ஏசியைக் கொஞ்சம் அணைங்க" என்றார்.

ஏசி அணைந்தது. வந்த அமைதியில் டெலிபோன் அடித்தது. எம்.டி. வயர்மேனுக்குக் கண்ணைக் காட்டினார். வயர்மேன் குனிந்து வயரைப் பிளையரின் வாய்க்குள் வைத்தான். அதற்குள் ஸ்டிக்கர் ரிசீவரை எடுத்துவிட்டார். எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டார். அவருக்குத் தன்னைத் தெரியும்.

அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"மாட்டிக்கிட்டேன்ப்பா. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டு."

"வெட்டுய்யா" என்றார் தலைமைக் கணக்கர்.

வயர்மேன் நிமிர்ந்து பார்த்தான். "ஆள் உள்ள இருக்காங்க சார்" என்றான். பிளையரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"சாஞ்சு உக்காருங்கம்மா" என்றார் ஸ்டிக்கர். காவலாளியைப் பார்த்து, "ஸ்பானர்கிட்ட ஓடு, ஆறாவது மாடி அம்மான்னு சொன்னா போதும்" என்றார். காவலாளி காலுறையோடு வழுக்கிக்கொண்டே ஓடினான். ஸ்டிக்கர் எம்.டி.யின் முன்னால் அந்தக் குழிந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "கதவைத் தொடாதீங்க. இன்னிக்கு என்னம்மா சமையல்?"

"இவர் யாரு?" என்றார் ஆடிட்டர்.

"பொறுப்பாளர். நாளைக்கு இருக்க மாட்டார்" என்றார் எம்.டி.

"பேசறது யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. ஆடிட்டர் சாப்பாட்டுப் பையை மேசைமேல் வைத்தார். "புது நம்பர் இருக்கு, ஆப் இருக்குன்னு கணக்குல அத்தனை செலவு காட்டியிருக்கீங்க. அந்தம்மா ஏன் இதுக்குக் கூப்பிடறாங்க? அவங்களையே கேளுங்க."

ஸ்டிக்கர் கேட்க விரும்பவில்லை. பதில் தெரியும் என்று நினைத்தார். அண்ணனுக்காகத்தான். தான் வெறும் குரல், அவர் மெத்தையில் உட்கார்ந்து அவர் வார்த்தையைப் பேசுகிற ஓர் எடுபிடி. ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உள்ள புது நம்பர் ஒட்டியிருக்கு. நீங்க இதுக்கே கூப்பிடறீங்க. அண்ணன் என்னிக்காவது எடுப்பார்னா?"

"அண்ணன் செத்து வருஷம் ஆகப்போகுதே தம்பி."

ஸ்டிக்கர் உட்கார்ந்திருந்த இடம் திடீரென்று ஆழமாகிவிட்டதுபோல் இருந்தது.

"உங்களுக்கு... தெரியுமா?"

"சாவுக்குப் போனவ நான். வேலையை விட்டு அனுப்பின ரெண்டாம் மாசம். நின்னவங்கள்ல பாதிப் பேர் லிஃப்டுல மாட்டினவங்கதான். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. பேச ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சது, ஒவ்வொருத்தர்கிட்டயும் அவர் ஒவ்வொரு மாதிரி பேசியிருக்கார்."

"அப்ப முதல் நாள் அண்ணன் இல்லியான்னு கேட்டீங்களே?"

"பழக்கத்துல வாயில வந்துடுச்சு. நீ வெளிய போயிருக்கார்னே. பாவம், உனக்கே யாரும் சொல்லல போலன்னு நெனச்சேன். நம்ம வாயால எதுக்குச் சொல்லி உன்னைப் பயமுறுத்தணும்? அந்த நாற்காலியில ஒத்தையா உக்காந்திருக்கறவனாச்சே."

தலைமைக் கணக்கர் தொண்டையைச் செருமினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆடிட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார்.

"அப்புறம் ஏம்மா இந்த நம்பருக்கே கூப்பிடறீங்க?" என்றார் ஸ்டிக்கர். இந்தத் தடவை ஆடிட்டருக்காகக் கேட்கவில்லை.

"ஏன்னா என்ன ஏன்? நீ எடுக்கறே, அதனால கூப்பிடறேன். நீ எடுக்காத அன்னிக்கு வேற எவனையாவது கூப்பிட்டுக்கப்போறேன். இதுல என்னப்பா இருக்கு?"